ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பார்

ஆகஸ்ட் 12, மாலை

மாமா, முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கி வந்த ரப்பர் கிரிப் உங்கள் சைக்கிளின் வளைந்த ரேஸ் ஹேண்டில்பாரில் ஏறவில்லை. சோப்புத் தண்ணீர் தடவியும் பார்த்தேன். அது நேரான ஹேண்டில்பாருக்கானதாம். கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

அதற்காக, அந்த ஆட்டுக்கொம்பைப் பிடித்துக்கொண்டு வேளாங்கண்ணி வரைக்கும் போகிறேன் என்பவரை என்னவென்று சொல்வது? உயரமாக, நேராக ஒன்று மாட்டுங்கள் என்றால், "இன்னாடி, பால்காரன் வண்டி மாரி இருக்கும். கோயில் பசங்க சிரிச்சிக்கினே வருவானுங்க" என்கிறீர்கள். மாதா உங்கள் ஸ்டைலைப் பார்த்தா வரம் தரப்போகிறாள்? விரல் மரத்துப்போகிறது என்று அதில் பஞ்சைச் சுற்றிச் சுற்றி, கை மூட முடியாத தடிமனாக்கியதுதான் மிச்சம்.

நேற்று பாப்பா உங்கள் சுண்டுவிரலைக் கடித்தாள். பல் பதிந்தது. நீங்கள் டிவியிலிருந்து திரும்பவே இல்லை. அந்தக் கையோடுதான் கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினை ஓட்டுகிறீர்கள்.

நான் டேலி கிளாசுக்குப் போகிறேன். பாப்பா கிரேஸ் அக்கா வீட்டில் இருக்கிறாள். குழம்பைச் சூடு பண்ணினால் துணி வைத்துப் பிடியுங்கள்.

இன்னொன்று: நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்று, உங்கள் சைக்கிளை ஸ்டேஷன் வரை ஓட்டிப் பார்த்தேன். என் விரலும் மரத்தது.

நாளை காலை ஹேண்டில்பார் மாற்றக் கடைக்குப் போக வேண்டும். சைக்கிளை நான் தள்ளுகிறேன். நீங்கள் பாப்பாவைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

ஷைனி