ஓரத்துக் கறுப்புக் கோடு

என் பிடிவாதக்கார அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. நம் சிட்லபாக்கம் கிணறுகளைப் பற்றிய உன் அறிக்கை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. காரணம் நான்தான். குடியிருப்போர் சங்கத்தில் எல்லோருக்கும் என் மேல் கோபம். இருக்கட்டும்.

ஏரியில் சாக்கடை கலந்து கிணறுகள் கெடுகின்றன என்று காட்ட, பன்னிரண்டு கிணறுகளை எடுத்துக்கொண்டாய். அறிக்கையை உன் கம்ப்யூட்டரில் அச்சுக்கு வடிவமைத்தபோது நீயே ஒரு கட்டளை எழுதிச் சேர்த்தாய். சோதிக்காத கிணற்றின் பகுதி சாய்ந்த எழுத்தில் வரும், ஓரத்தில் தடித்த கறுப்புக் கோடு ஓடும், மேலே ‘வரைவு’ என்றிருக்கும். மூன்று பகுதிகளில் அந்தக் கோடு இருந்தபோதே ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். “கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கற ரிப்போர்ட்டும்மா. கோடு கீடெல்லாம் இருந்தா தூக்கிப் போட்டுடுவாங்க. எடுத்துடு. ஒம்பது கெணறு கெட்டிருக்கு, மீதி மூணு மட்டும் நல்லாவா இருக்கப் போவுது?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மன்னித்துக்கொள். மறுநாள் உன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ‘வரைவு’ என்ற இடத்தில் ‘முடிந்தது’ என்று மாற்றினேன். கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. திரையில் ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு தமிழ்க் கேள்வி.

‘யார் பார்த்தது?’

பார்த்தவர் பெயரைத் தராமல் கோட்டை எடுக்க முடியாதபடி எழுதி வைத்திருக்கிறாயே! யாரை நினைத்து எழுதினாய்? என்னையா? சாப்பிட்டேன் என்று நான் சொன்னாலும் தட்டை எட்டிப் பார்த்தவள்தானே நீ. உன் குரலே கேட்ட மாதிரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

செயலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். “ஒன் பேரையே போட்டுக்கோயேன்மா. யார் கேக்கப் போறா?” என்றார்.

“எங்க அக்கா கேக்கறா சார்.”

தண்ணீர் பிடிக்கப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு அந்த மூன்று கிணற்று வீடுகளுக்கும் கிளம்பிவிட்டேன். இரண்டு வீடுகளில் தண்ணீர் கொடுத்தார்கள். பரிசோதனையில் ஒன்று சாக்கடை. இன்னொன்று, நம்புவாயா, சுத்தமான தண்ணீர்! நீ வரைவில் அதுவும் கெட்டது என்றுதான் எழுதியிருந்தாய். உன் வாக்கியத்தை அடித்துவிட்டுத் திருத்தினேன். கோபமா? கோடு போட்டவள் நீதானே.

மூன்றாவது வீட்டுக்காரர் கேட்டைத் திறக்கவில்லை. “எங்க கெணத்தைப் பத்தி ஒங்களுக்கென்ன?” என்று உள்ளிருந்தே கத்தினார். நாளையும் போவேன், அடுத்த வாரமும் போவேன். அதுவரை அந்தப் பகுதி கோட்டோடுதான் இருக்கும். கலெக்டர் ஆபீசில் கேட்டால், அதை இன்னும் பார்க்கவில்லை என்று நானே சொல்கிறேன். தூக்கிப் போட்டால் மறுபடி கொண்டுபோய் வைக்கிறேன். கண்ணால் காணாத எதற்கும் என் பெயரைத் தர மாட்டேன், இது உன் மேல் சத்தியம்.

மற்ற இரண்டு கோடுகளும் போய்விட்டன அக்கா. யார் பார்த்தது என்று கேட்டாயே? நான் பார்த்தேன்.

உன் தங்கை,
சுமதி