அடுத்த வருஷத்து லெஃப்ட் அவுட்

அண்ணா,

இன்று காலை எதிர்வீட்டுக் கதவுக்குத் தச்சர் ஒருவர் லின்சீட் ஆயில் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மாடிவரை ஏறி வந்தது. நம் ஹாக்கி மட்டைகளுக்கு அப்பா அதைத்தான் தடவுவார். முதலில் உன் மட்டைக்கு, மிச்சம் இருந்தால் என்னுடையதற்கு.

எழுபதுகளின் தொடக்கம். சாந்தோம் வீட்டில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அடுத்த வருஷத்துக்கு உன்னைக் கல்லூரி டீமின் கேப்டனாக அறிவித்திருந்தார்கள். உனக்கு ஒரு வகுப்பு கீழே படித்த நான் அப்போது அதே டீமில் இடது ஓரத்தில் ஆடும் லெஃப்ட் அவுட். டீம் எப்படி இருக்கும் என்று அப்பா ஆசையாகக் கேட்டார். நீ கோல் கீப்பரிலிருந்து ஆரம்பித்தாய். யார் படிப்பு முடிந்து போகிறார்கள், அந்த இடத்துக்கு யார் சரிப்படுவார்கள் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். லெஃப்ட் அவுட் வந்ததும், வஞ்சிரத்தில் முள்ளை எடுத்தபடியே, அடையாற்றிலிருந்து புதிதாகச் சேரப்போகிற ஒரு பையனின் பெயரைச் சொன்னாய்.

"அப்போ இவன்?" என்றார் அப்பா.

"இவனா? எக்ஸ்ட்ரா. கூட வரட்டும்பா, பந்து பொறுக்க ஆள் வேணும்ல."

அப்பா சிரித்தார். நீ சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். அம்மா என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

அந்தக் கோடை முழுக்க விடியற்காலையில் பீச் மணலில் ஓடினேன். நீ பல் விளக்கியபடி ஜன்னலில் நின்று பார்த்ததுண்டு.

பிறகு அந்த அரையிறுதி. இடைவேளை முடிந்த சற்று நேரத்தில் அடையாறு பையன் கணுக்கால் பிசகி விழுந்தான். அவனைத் தூக்கி வந்து கோட்டுக்கு வெளியே படுக்க வைத்தார்கள். நான் மட்டையோடு எழுந்துவிட்டேன். டீமின் விளையாட்டு மாஸ்டர் உன்னைப் பார்த்தார். அப்பாவும் மரத்தடியிலிருந்து எழுந்து நின்றார்.

"பத்து பேரே போதும் சார்" என்றாய்.

தோற்றிருந்தால் உன்னை மன்னித்திருப்பேன். ஜெயித்தீர்கள். திரும்பும்போது பஸ்ஸில் அப்பா உன் தோளில் கை போட்டபடி வந்தார். நான் பின்படியில் தொங்கிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் மட்டையைத் தொடவில்லை.

நீ போவதற்குச் சில நாள் முன்னால், ஆஸ்பத்திரியில் நாம் இருவர் மட்டும் இருந்தபோது, அன்றைக்கு ஏன் என்னை இறக்கவில்லை என்று கேட்டேன். இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறானே என்று ஏதாவது ஆறுதல் சொல்வாய் என நினைத்தேன். உனக்கு மூச்சு வாங்கியது. ஆனால் யோசிக்கவே இல்லை.

"நீ உள்ள வந்திருந்தா தோத்திருப்போம்டா."

பிறகு தண்ணீர் கேட்டாய். கொடுத்தேன்.

வேலையிலும் வீட்டிலும் என்னைப் பாராட்டியவர்கள் உண்டு, அண்ணா. ஒவ்வொரு தடவையும் நான் முதலில் தேடியது உன் முகத்தை. நீ ஆமோதித்ததே இல்லை. ஆனால் நீ ஒருவன்தான் என்னிடம் பொய் சொல்லாதவன் என்று நம்பிப் பழகிவிட்டேன். இப்போது நீயும் இல்லை. மற்றவர்கள் சொல்வதை நம்ப எனக்கு வரவில்லை.