அப்பா ஆட வேண்டிய முறை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நாம் கம்ப்யூட்டரில் ஆடும் ராஜா விளையாட்டை வேலையிடத்து அக்கா ஒருவர் பார்த்துவிட்டு, "என்னடி, குதிரையெல்லாம் மண்பொம்மை மாதிரி நிக்குது? புதுசா ஒண்ணு வாங்கேன்" என்றார். "புதுசு போட்டா எங்கப்பா கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும்க்கா" என்றேன். சிரித்துவிட்டார்.

அம்மா போன பிறகு நீங்கள் தனியாக இருக்கிறீர்களே என்றுதான், நம் இருவருடைய பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் விளையாட்டாகத் தேடி எடுத்தேன். ஒருவர் ஆடி அனுப்பினால்தான் மற்றவர் ஆட முடியும்.

போன முறை நான் பிடித்த கோட்டைக்கு நீங்கள் அம்மாவின் பெயரை வைத்திருந்தீர்கள். என் கொடி ஏறிய பிறகுதான் அதைக் கவனித்தேன். அதன் பிறகு உங்களிடமிருந்து ஆட்டம் வரவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்றுதான் இதை எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது. கோட்டையை உங்களிடமே திருப்பித் தந்துவிடுகிறேன், அப்பா. அதற்கு நீங்கள் ஒரு வீரனையாவது நகர்த்தி அனுப்ப வேண்டும்.

உங்கள் மகள்