வெட்டாமல் விட்ட கயிறு

அன்புள்ள அத்தான்,

உங்கள் ஐந்தாவது நினைவு நாளுக்குப் பத்திரிகையில் படம் போட்டு, கீழே நாலு வரி கவிதையும் போடலாம் என்றாள் நம் மகள் பியூலா. 'கண்ணீருடன் மனைவி, மகள்' என்று முடிப்பார்களே, அந்த மாதிரி. எனக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வருகிறது என்றேன். நம் சபை மாத இதழில் ஒரு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன். நாலு பேர் படிக்கட்டும். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முதலில் செய்தி. உங்கள் மகளுக்கு நாற்பத்திரண்டு வயதில் பாறை ஏற ஆசை வந்திருக்கிறது. நீங்கள் இருந்தவரை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட உங்களோடு வராதவள்! கழக்கூட்டம் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு, கல்லாற்றுக்கு மேலே நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போவீர்களே, அதே பாறைக்குப் போகிறாள். ஒரு ராத்திரி ஆற்றங்கரையில் கூடாரம், மறுநாள் காலையில் ஏற்றம். ஏழு பேரில் ஒருவர்கூட ஆபீஸ் மாடிப்படிக்கு மேல் எதிலும் ஏறியதில்லை.

திட்டத்தை அச்சடித்து, கரமனை வீட்டுக்கு என்னிடமே கொண்டுவந்தாள். தலைப்பிலேயே 'குறைந்த செலவில்' என்று இருந்தது. "அம்மா, இங்கிலீஷ்ல தப்பு இருக்கான்னு மட்டும் பாருங்க. வேற ஒண்ணும் பாக்காண்டாம்" என்றாள். கான்வென்டில் சிஸ்டர்களிடம் படித்தவளின் கையில் சிவப்பு மையைக் கொடுத்துவிட்டு, வேறொன்றும் பார்க்காதே என்றால் நடக்குமா?

ஏழு பேருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட். அதில் அச்சடிக்கும் வாசகத்தில் இரண்டு பிழை. பாட்டுக் கேட்க ஸ்பீக்கர், வாடகைக்கு. சுட்டுத் தின்ன மசாலா புரட்டிய கோழி, கரி, அடுப்பு. கடைசியில் இரண்டு வரி. பயிற்சியாளர்: தேவையில்லை. கயிறு: அப்பாவுடையது, செலவில்லை.

"இது என்ன பிள்ளே?"

"எது?"

"பயிற்சியாளர் தேவையில்லைங்கிறது."

"பதினாலு வீடியோ பாத்தாச்சும்மா. இடுப்புல கெட்டுற எட்டு முடிச்சு எனக்குக் கண்ணை மூடிட்டு வரும்."

"கொள்ளாம், நல்லாருக்கு. நீ கண்ணை மூடிட்டு ஏறு. கீழ கயிறு புடிக்கிறவன் எதை மூடிட்டு நிப்பான்?"

"அம்மா, தொடங்காதீங்க."

"பாட்டுப்பெட்டிக்கு வாடகை உண்டு, கயித்துக்கு மட்டும் கிடையாது, இல்லியா?"

"கயிறு நம்ம வீட்டுல இருக்குல்லா? வாறவங்க எல்லார்கிட்டயும் நீங்கதானே சொல்லுவீங்க, 'அவரு கயிறு இப்பமும் கடையில வாங்கின மாதிரி இருக்கு, நான் அப்படி நோக்கி வச்சிருக்கேன்'னு?"

அத்தான், எனக்கு வாய் அடைத்துப்போனது. ஐம்பது வருஷத்தில் நீங்கள் செய்ய முடியாததை உங்கள் மகள் ஒரு வாக்கியத்தில் செய்துவிட்டாள். ஏனென்றால் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் கல்லூரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் புதியவர்களுக்குப் பாறை ஏறச் சொல்லிக்கொடுப்பார். கையில் காசில்லாத பையன்களும் பெண்களும்தான் அதிகம் வருவார்கள். கல்லாறு வரை அரசு பஸ். சாப்பாடு கஞ்சியும் பயறும். கூடாரம் என்பது யாரோ கொடுத்த பழைய தார்ப்பாய். ஆனால் கயிறு மட்டும் நல்ல கயிறு. "வயித்துல மிச்சம் புடிக்கலாம், கயித்துல புடிக்கப்படாது" என்பார்.

ஒவ்வொரு கயிற்றுக்கும் ஓர் அட்டை கட்டி, வாங்கிய நாளை எழுதி வைப்பீர்கள். பத்து வருஷம் ஆனாலோ, யாராவது பலமாக விழுந்து அது தாங்கினாலோ, வெட்டுகத்தியை எடுத்துக் கை நீளத் துண்டுகளாக வெட்டுவீர்கள். துண்டுகளைப் புதியவர்களுக்கு முடிச்சுப் பழகக் கொடுப்பீர்கள். நான் சண்டை பிடிப்பேன். நல்ல கயிறு, துணி காயப்போடக் கொடியாவது கட்டலாமே என்பேன். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வீர்கள்: "கொடியாக் கெட்டினா, நாளைக்கு எவனாவது அவுத்து இடுப்புல கெட்டுவான்."

எவனோ இல்லை அத்தான். உங்கள் மகள்.

இந்தக் கடைசிக் கயிறு அவள் கல்யாணத்துக்கு மறுவருஷம் வாங்கியது. பத்து வருஷம் ஆனபோது பக்கவாதத்தில் உங்கள் வலது கை விழுந்துவிட்டது. நாற்காலியில் இருந்தபடி இரண்டு தடவை என்னிடம் சொன்னீர்கள், "அதை வெட்டிடு" என்று. இரண்டு தடவையும் கேட்காதவள் மாதிரி அடுக்களைக்குப் போனேன். அதை வெட்டினால் நீங்கள் இனி எழுந்திருக்க மாட்டீர்கள் என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது.

இங்கேதான் எனக்குக் கோபம். ஏன் அத்தனை மெதுவாகச் சொன்னீர்கள்? முடிச்சைச் சரியாகப் போடாத ஒரு பேராசிரியரையே அதட்டி அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பியவர், என்னை ஒரு தடவை அதட்டக் கூடாதா? அதட்டியிருந்தால் வெட்டியிருப்பேனே. இல்லை, வெட்டியிருக்க மாட்டேனோ?

வெட்டாதது போதாதென்று இன்னொன்றும் செய்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னால் வீட்டைக் கழுவும்போது, திரைச்சீலைகளோடு உங்கள் கயிற்றையும் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டேன். மொட்டைமாடியில் இரண்டு நாள் முழு வெயிலில் காயவைத்தேன். அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்தேன். சுத்தம் என்றால் அதுதான் என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். ஒரு பொட்டு அழுக்கில்லாமல் இருந்தது. வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டவும் செய்தேன்.

பியூலா உள்ளே தேநீர் போட்ட நேரத்தில் உங்கள் பழைய மாணவன் சஜிக்குப் போன் செய்தேன். இப்போது நெடுமங்காட்டில் இருக்கிறான், பாறை ஏறச் சொல்லிக்கொடுப்பதே அவனுக்குத் தொழில். கயிற்றின் வயதைச் சொன்னேன். "ம்" என்றான். ப்ளீச்சிங் பவுடரைச் சொன்னேன். வெயிலைச் சொன்னேன்.

"சஜி?"

"என்றெ ஆன்ட்டீ... அதில ஒரு பசுவைக்கூடக் கெட்டல்லே."

மாட்டைக்கூடக் கட்டாதே என்கிறான். பார்த்துப் பார்த்துக் கழுவிய கயிறு. ப்ளீச்சும் வெயிலும் கயிற்றின் நூலை அரித்துவிடுமாம். எத்தனை ப்ளீச் போட்டேன், எவ்வளவு கெட்டது என்றெல்லாம் அளந்து பார்க்க முடியாதாம். அந்தச் சந்தேகமே போதும், வெட்டு என்றான். தானே வருகிறேன், கயிறு, தொப்பி எல்லாம் கொண்டுவருகிறேன், சாருக்காகச் சும்மா வருகிறேன் என்றான். "சும்மா வாறவன் சும்மா நிப்பான். கூலி வாங்கிட்டு ஒழுங்கா நில்லு" என்றேன். சிரித்தான். என் குரலில் நீங்கள் பேசியதாகச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்கட்டில் தேங்காய் உடைக்கும் கட்டைமேல் கயிற்றை வைத்து வெட்டுகத்தியை ஓங்கினேன். நாலு வெட்டுக்குப் பிறகுதான் முதல் துண்டு விழுந்தது. வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல். இத்தனை வருஷம் தடவிப் பார்த்தேன், உள்ளே வேறு நிறம் என்று தெரியாது.

பியூலா தேநீரோடு ஓடிவந்தாள். "அம்மா! பைத்தியமா உங்களுக்கு? அது அப்பாவோட கடைசிக் கயிறு!"

"உனக்கும் அதுவே கடைசிக் கயிறா ஆகப்படாதுல்லா? தள்ளி நில்லு."

ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். "கண்ணை மூடிட்டு வருமே, போடு பாப்போம்." போட்டாள். பார்வைக்கு எட்டு மாதிரியே இருந்தது. நுனியைத் திரும்ப அதே வழியில் முழுக்கக் கொண்டுவராமல் பாதியில் விட்டிருந்தாள். நீங்கள் எனக்கு முடிச்சுச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் நம் சாப்பாட்டு மேசையில் எத்தனை பேர் போட்டு அவிழ்த்ததை, பரிமாறிக்கொண்டே பார்த்திருக்கிறேன். ஒரு விரலை விட்டு இழுத்தேன். முடிச்சு அவிழ்ந்து கையோடு வந்தது.

பதினாலு வீடியோ.

அவள் பின்கட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே கேட்டாள்: "அப்பா எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தாங்க. என்னை மட்டும் ஏன் ஒருநாளும் வான்னு கூப்பிடல்ல?"

அதற்கு என்னிடம் பதில் உண்டு, உங்களுக்கும் தெரியும். கூப்பிட்டீர்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது அப்போது. "பெண்பிள்ளைக்கு முட்டியில தழும்பு வேண்டாம், நாளைக்கு யாரு கெட்டுவா?" என்று நான்தான் மறித்தேன். அவளிடம் சொல்லக் கூடாது என்றும் உங்களைக் கட்டுப்படுத்தினேன். நீங்களும் என்னிடம் மெதுவான ஆளாயிற்றே, சரி என்றீர்கள். முப்பது வருஷம் அவள், அப்பாவுக்குத் தான் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் நேரில் கேட்டும் அதைச் சொல்லவில்லை. குனிந்து அடுத்த துண்டை வெட்டினேன்.

டி-ஷர்ட் போயிற்று, ஸ்பீக்கர் போயிற்று. கோழிக்குப் பதில் கஞ்சியும் பயறும். கார் வேண்டாம், பஸ். மிச்சமானதில் சஜிக்குக் கூலி போகிறது. ஏழு பேருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தனுப்பினேன், முடிச்சுப் பழக. மீதியைப் பிளாஸ்டிக் எடுக்க வரும் பெண்களிடம் கொடுத்துவிட்டேன். எனக்கென்று ஒரு துண்டும் எடுத்து வைக்கவில்லை. வைத்தால் கழுவுவேன்.

வருகிற சனிக்கிழமை நானும் கல்லாற்றுக்குப் போகிறேன். எழுபத்தாறு வயதில் எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாறைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காருவேன். சஜி பார்த்த முடிச்சை நானும் பார்ப்பேன்.

ஒன்று வாக்குக் கொடுக்கிறேன் அத்தான். இந்த இதழ் அவள் கைக்குப் போகும் முன்னால், நானே என் வாயால் அவளிடம் சொல்லிவிடுவேன், அப்பா உன்னைக் கூப்பிட்டார் என்று. ஏறும் முன் சொல்ல மாட்டேன், அவள் கவனம் முடிச்சில் நிற்காது. ஏறி, இறங்கி, இரண்டு காலும் தரையில் ஊன்றி, இடுப்புக் கயிற்றை அவிழ்த்த பிறகு சொல்வேன். அவள் கத்தட்டும். நான் கேட்காதவள் மாதிரி எழுந்து போகமாட்டேன்.

ஐந்து வருஷத்துக்கும் மேல் தாமதமாக வெட்டிய,
உங்கள் மனைவி