மணப்பெண் உதட்டில் பூசிய காவி

அக்கா,

மருமகள் ஈப்போ டவுனிலிருந்து உதட்டுக்குப் பூசுகிற சின்ன டப்பி ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். மூடியைத் திறந்ததும் தேன்மெழுகு வாசம். "மினரல் கலராம், அத்தை. கல்லுல எடுத்த நிறம். இப்பத்தான் புதுசா வந்திருக்கு" என்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! இப்பத்தான் வந்ததா? எழுபதுகளிலேயே நம் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், பால் டின்னில் நீ காய்ச்சியது பிறகு என்னவாம்? எடுத்துச் சொல்ல நீதான் உயிரோடு இல்லை.

ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் உனக்கு வேலை. அந்தச் சூட்டில் உதடு வெடித்து ரத்தம் கசியும். அதற்குத்தான் முதலில் தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்து உருக்கினாய். பக்கத்து வீட்டுக்காரி நான் அடுப்பில் விறகு தள்ளுவேன். பிறகு ஒருநாள், கோயில் சுவருக்குப் பட்டை அடித்து மிஞ்சிய காவிக்கல்லைக் கொண்டுவந்தாய். அம்மியில் மையாக அரைத்துத் தண்ணீரில் கலக்கினாய். மணல் அடியில் தங்கியதும் மேலே நின்ற செந்தண்ணீரை மட்டும் வேட்டித் துணியில் வடித்து, தெளியவிட்டு, காயவைத்தாய். அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை போட்டதும் மெழுகு செங்கல் நிறமானது. புறங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு முதலில் உன் உதட்டில்தான் பூசினாய்.

உன் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்து வருஷம் திரும்பாத சமயம் அது. லயமே கொதித்தது. உன் நாத்தனார் குழாயடியில் நாலு பேர் முன்னால் கேட்டாள்: "தாலியறுத்தவளுக்குச் செவப்பு கேக்குதா?"

"நெத்தியிலதான் வைக்கக்கூடாதுன்னு அழிச்சீங்க. ஒதட்டப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலையே, அண்ணி. நீங்க வெத்தல போட்டுச் செவந்தா நல்லது, நான் காவி பூசுனா குத்தமா?"

நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.

ஏசிய வாய்களே பிறகு பின்வாசல் வழியாக வந்து, "எம்மவளுக்குக் கல்யாணம், ஒரு டப்பி குடேன் புள்ள" என்று கெஞ்சின. நீயும் கொடுத்தாய். கல்யாணத்துக்கு மட்டும் உன்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாத ஒவ்வொருத்தி பேரும் எனக்கு மனப்பாடம்.

எண்பதுகளில் ஈப்போ பக்கம் புந்தோங் கோயில் மண்டபத்தில் உன் மகளுக்கே கல்யாணம் வந்தது. அங்கேயும் நாத்தனார் ராஜ்ஜியம். தாலி கட்டி முடியும்வரை பெண் பக்கம் நீ வரக்கூடாது என்றாள். பெற்றவள் சமையற்கட்டில் வெங்காயம் உரித்தாய். அலங்காரம் முடிகிற நேரம் அவள் வந்து கையை நீட்டினாள். "டப்பியக் குடு. சுமங்கலி யாராச்சும் பூசட்டும்."

எத்தனை பேர் வாயை அடைத்தவள் நீ! அன்று முந்தானையால் உன் உதட்டைத் துடைத்துக்கொண்டு டப்பியை எடுத்துக் கொடுத்தாய்.

"ஏங்க்கா?" என்றேன்.

"என் ரோசத்துக்கு எம்மவ பாடுபடணுமா? மாப்பிள்ள வீட்டு முன்னால சண்ட வேணாம் லா."

நான் சுமங்கலி என்பதால் பூசும் வேலையை நாத்தனார் என்னிடம் தந்தாள். பூசினேன், வேண்டுமென்றே மூக்குக்குக் கீழேவரை இழுத்துவிட்டேன். உன் மகள் கண்ணாடியைப் பார்த்து அலறினாள். "அய்யோ சித்தி! கோழியக் கடிச்ச பூன மாதிரி இருக்கேன்!"

"எனக்கு வராதும்மா. விரல்ல குழைச்சுப் பூசணும். அது அக்காவுக்குத்தான் தெரியும்."

வெளியே, "லெக்காஸ் லா, சீக்கிரம்! நல்ல நேரம் போவுது!" என்று மாப்பிள்ளை வீட்டார் கதவைத் தட்டினார்கள். நாத்தனார் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். வேறு வழியில்லை. "போ, அவளக் கூட்டியா" என்றாள்.

நீ வந்தாய். ஈரத்துணியால் மகள் வாயைத் துடைத்தாய். கட்டைவிரலில் காவியைக் குழைத்து மெதுவாகப் பூசினாய். உடனே சமையற்கட்டுக்குத் திரும்பிவிட்டாய். கெட்டிமேளத்தை அங்கே நின்றுதான் கேட்டாய்.

பந்தியின்போது, "கையக் கழுவிட்டு வாக்கா, சாப்புடலாம்" என்றேன். சிவந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாய்.

"இருக்கட்டும் புள்ள. எம்மவ ஒதட்டுல பட்டது. சாயங்காலமாக் கழுவிக்கிறேன்."

பெற்று வளர்த்தவளுக்கு ஒரு விரல் சாயம்தான் பங்கா? உன் நாத்தனார் செத்தபோது நான் துக்கம் கேட்கப் போகவில்லை. "செத்தவளோட என்னம்மா பகை?" என்றான் என் மகன். செத்தது அவள்தானே, நான் சாகவில்லையே! நீ எல்லாரையும் மன்னித்துவிட்டுப் போனாய். அது உன் குணம். நீ படாத கோபத்தையும் சேர்த்து நான் வைத்திருக்கிறேன், அக்கா. ஆறவில்லை. ஆறவும் விடமாட்டேன்.