காய்ச்சின தீர்த்தம்

திருவள்ளூர்,
ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு அப்புறம்

சௌபாக்கியவதி ஸ்ரேயாவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம்.

இங்கே நான் க்ஷேமம், அம்மா க்ஷேமம், உன் தம்பி நாராயண் க்ஷேமம், அவனுடைய புது கிட்னி க்ஷேமம், புது லிவர் க்ஷேமம். மூன்று பேர் இருக்கிற ஆத்தில் ஐந்து பேருக்குத் தனித்தனியாக க்ஷேமம் எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் கால்கரிக் குளிரில் நீயும் உன் ஒரிஜினல் உறுப்புகளும் சௌக்கியமா என்று எழுது. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் ஒரு வரி சொன்னால் உங்கள் அம்மா பக்கத்திலிருந்து இரண்டு வரி திருத்தம் சொல்கிறாள், அப்புறம் கதை அவளுடையதாகிவிடுகிறது, அதில் நான் எப்போதும் அசடாகவே வருகிறேன். இந்தக் கடிதத்திலும் அசடாகத்தான் வரப்போகிறேன், ஆனால் என் கையாலேயே.

ஆபரேஷன் ஆகி எட்டு மாசம் முடிந்தது. டயாலிஸிஸ் காலத்தில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்று அம்மா டம்ளரில் கோடு போட்டு அளந்து கொடுத்தது ஞாபகமிருக்கும். இப்போது அதே அம்மா நாலு லிட்டர் குடித்தாயா என்று பாட்டிலும் கையுமாக அவன் பின்னால் அலைகிறாள். எலும்பில் சேர்ந்துபோன பழைய உப்பு இன்னும் கரைந்து வந்துகொண்டிருக்கிறதாம், அதைக் கழுவித் தள்ள வேண்டுமாம். கீரை கூடாது, பாதாம் கூடாது, சாக்லேட் கூடாது. நீ அனுப்பின பாதாமையும் சாக்லேட்டையும் வேறு வழியில்லாமல் நானே தின்று தீர்த்தேன், பெற்ற கடமை. கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் பாக்கியராஜ், இன்னா சாமி, பூட்டது கிட்னி, லிவரை இன்னாத்துக்கு மாத்திக்கினீங்க என்று ஒரு நாள் பிடித்துக்கொண்டான். லிவர்தானப்பா குற்றவாளி, பிறவியிலேயே அதில் ஒரு குறை, அதனால் வேண்டாத உப்பை உற்பத்தி பண்ணிப் பண்ணிக் கிட்னி முழுக்கக் கல்லாக்கிவிட்டது, கிட்னியை மட்டும் மாற்றினால் புதுசையும் கல்லாக்கிவிடும் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, மாடி ஊட்டுல பைப்பு உடைஞ்சு ஒழுகுது, கீழ் ஊட்டு செவுத்துக்கு பெயிண்ட் அடிச்சு இன்னா பிரயோஜனம், அதானே சாமி என்றான். டாக்டர் எனக்கு ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கினதைப் பயல் பெரியபாளையம் வருவதற்குள் முடித்துவிட்டான். ஆனால் இது எப்படி சாமி வந்துச்சு என்றபோதுதான் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா என் அத்தை பெண். எங்களுக்குப் பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள், இரண்டு பேர் ரத்தத்திலும் இதே குறை ஒளிந்திருந்த இந்தப் பதினோராவது யாருக்கும் தெரியவில்லை, அதுதான் அமோகமாகப் பொருந்திவிட்டது. உறுப்புக் கொடுத்த மகராஜன் யார், எந்த ஊர் என்று நமக்குச் சொல்லமாட்டார்கள். சனிக்கிழமை அம்மா அந்த மகராஜனுக்காக அர்ச்சனைக்குப் போனால் பேர், நட்சத்திரம் கேட்கிறார்கள், தெரியாது என்கிறாள், சரி பெருமாள் பேருக்கே பண்ணிடறேன் என்று பண்ணிக் கொடுக்கிறார்கள்.

இனிமேல்தான் நான் அசடான கதை. புது உறுப்புகளை உடம்பு எதிர்க்காமலிருக்க மாத்திரை, அந்த மாத்திரையால் கிருமியை எதிர்க்கவும் தெம்பில்லை, ஆகவே ஒரு வருஷத்துக்குக் காய்ச்சி ஆறின தண்ணீர் தவிர வேறு தண்ணீர் வாயில் படக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. நான் வாசலில் செக்யூரிட்டி ஆகிவிட்டேன். தும்மினவர், இருமினவர், பிரசாதம் கொண்டுவந்தவர் எல்லாரையும் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி க்ஷேமம் விசாரித்து அனுப்பினேன். எதிராத்து ஜானகியம்மாள் புளியோதரையை நீட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போனதை இன்னும் தெரு பூரா சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்படிப்பட்ட நான், போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கோஷ்டியோடு பாசுரம் சேவித்துவிட்டு, அம்மா கெஞ்சினாளே என்று சின்னச் சொம்பில் பெருமாள் தீர்த்தம் கொண்டுவந்தேன். ஒரு சொட்டாவது குழந்தை வாயில் போகட்டும் என்கிறாள் அவள். காய்ச்சாத தண்ணீர் என்கிறது டாக்டர் சீட்டு. பெருமாளா டாக்டரா என்று ஐந்து நிமிஷம் திண்டாடி, இரண்டு பேருக்கும் நல்லவனாக இருப்போம் என்று தீர்த்தத்தைப் பால் குக்கரில் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டேன். அது விசில் அடிக்கிற நேரம் பார்த்து உள்ளே நுழைந்தது யார் தெரியுமா, அம்மாவின் அண்ணா, உன் ஜனார்தனன் மாமா. கோஷ்டிக்கே தலைவர், ஆசாரத்தில் நெருப்பு. என்னடா, அடுப்பிலேர்ந்து துளசி வாசனையும் பச்சைக் கர்ப்பூர வாசனையும் வரதே என்றார். அம்மாவுக்குத்தான் பொய் வராதே, உள்ளதைச் சொல்லிவிட்டாள். பெருமாள் தீர்த்தத்தை ரசம் மாதிரி கொதிக்க வைக்கறியேடா பாவி என்று கத்திவிட்டு, காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவர் போனதுதான் போனார், ஜானகியம்மாள் காதில் போட்டுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து எனக்குத் தீர்த்தம் காய்ச்சி ஸம்பத் என்று பட்டம். அடுத்த ஞாயிறு கோஷ்டியில் தீர்த்தத்துக்குக் கை நீட்டினால், பக்கத்தில் நிற்கிறவர், ஸ்வாமிக்கு ஆறினது ஒத்துக்குமா என்கிறார். அதற்கப்புறம் இரண்டு வாரம் கம்பெனியில் ஓவர்டைம் என்று பொய் சொல்லிவிட்டு ஆத்திலேயே ஒளிந்துகொண்டேன். மாமா என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நாராயணுக்கு ஜுரம் வந்தது. நூற்றிரண்டு. உனக்கு அப்போது சொல்லவில்லை, மன்னித்துக்கொள். சென்னைக்குக் காரில் போகிற வழியெல்லாம் நான் அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டு போனேன், கிட்னி நம்மை விட்டுவிடாதே என்று அதோடு பேசிக்கொண்டே. மூன்று நாள் ஆஸ்பத்திரி. கிட்னிக்கும் லிவருக்கும் ஒன்றுமில்லை, சாதாரண வைரஸ், ஆத்திலிருந்து யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் தும்மினேன். நாலு நாளாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, ஃபேக்டரித் தூசி என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஊரையெல்லாம் கேட்டில் நிறுத்தின செக்யூரிட்டியே திருடனாப்பா என்று நாராயண் படுக்கையிலிருந்து சிரித்தான். நான் சிரிப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அங்கே வராந்தாவில் ஜனார்தனன் மாமா மாஸ்க்கோடு நின்று டாக்டரிடம் என்னவோ நுணுக்கி நுணுக்கி விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சரி, இன்னும் கோபம் தீரவில்லை என்று நானும் கிட்டே போகவில்லை.

இன்றைக்குக் காலையில் வாசல் மணி அடித்தது. மாமா. முகத்தில் மாஸ்க், கையில் புது ஃபிளாஸ்க். சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். தம் ஆத்துப் பெருமாளுக்குத் திருவாராதனம் பண்ணுகிற தண்ணீரை முதலிலேயே பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டாராம், துளசியையும் அதிலேயே போட்டாராம், வட்டிலையும் கரண்டியையும் கூட வெந்நீரில் போட்டெடுத்தாராம். பச்சைக் கர்ப்பூரம் சேர்க்கலாமா என்று அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டதற்கு டாக்டர் அப்படி என்றால் என்ன என்றாராம், இது தேறாது என்று அதை மட்டும் விட்டுவிட்டாராம். எல்லாம் ஆறின பிறகுதான் ஆராதனம். இத்தனையும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, பெருமாள்ட்ட போயிட்டு வந்ததை நீ காய்ச்சினே, அது அபசாரம், நான் காய்ச்சிட்டுப் பெருமாள்ட்ட கொண்டுபோனேன், இது கைங்கர்யம், வித்தியாசம் தெரியறதோடா அசடே என்றார். அசடு என்று கூப்பிட்டதில் இத்தனை சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை. நாராயண் மூன்று தரம் கை நீட்டி வாங்கிக் குடித்தான். கடைசித் தரம், மாமா, இதை நாலு லிட்டர் கணக்கில் சேர்த்துக்கலாமா என்றான். மாமா மாஸ்க்குக்குள்ளேயே குலுங்கினார். அம்மா சமையல்கட்டுக்குள் போய்விட்டாள், கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான், காபி கலக்க என்று அவள் சொல்லுவாள், நம்பாதே.

நீ பங்குனியில் வருகிறாய். கிளம்புவதற்கு முன்னால் டாக்டர் சொன்ன தடுப்பூசியைப் போட்டுக்கொள். விமானத்தில் மாஸ்க்கைக் கழற்றாதே. மூக்கில் ஒரு சொட்டு நீர் என்றாலும் டிக்கெட்டை மாற்று, பெற்ற பெண் என்றும் பார்க்காமல் கேட்டில் நிறுத்திவிடுவேன். இப்போது நானே பஸ்ஸிலிருந்து இறங்கினால் அம்மா சோதனை போட்டுத்தான் உள்ளே விடுகிறாள். சாக்லேட் மட்டும் மறக்காமல் கொண்டு வா, கடமையைச் செய்ய நான் இருக்கிறேன்.

நீண்ட ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் நீ நன்றாக இருக்க வேண்டும். இன்னொன்று, நாராயணுக்கு வருஷம் முடிகிறவரை தம் ஆத்தில் தினமும் இப்படித்தான் திருவாராதனம் என்று மாமா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆக நம் பிள்ளை ஒருத்தனுக்காகப் பெருமாளும் காய்ச்சி ஆறின தண்ணீரில்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அப்பா
தீர்த்தம் காய்ச்சி ஸம்பத்குமார்