பதினான்காம் நிமிடத்தில் நாற்பத்தேழு

மார்ச் 4

அன்புள்ள நெட்டைக்கு,

நாற்பது வருஷம் கழித்து வருகிற கடிதம். கிழித்துப் போடுவதற்கு முன்னால் நாலு வரியாவது படி. அப்புறம் உன் இஷ்டம்.

நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் தங்கை வாண்டு போன வருஷம் தவறிவிட்டாள் என்று தாமதமாகத்தான் தெரிந்தது. உன் தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டேன். முகத்தில் அடித்தாற்போல் நீ கதவைச் சாத்தினால் தாங்கமாட்டேன்.

விஷயம் இதுதான். என் பேத்தி ஆவணப்படக் காப்பகத்தில் இருக்கிறாள். ஏதோ எடுபிடி வேலை என்று நினைத்துவிடாதே, ஒரு மாடி முழுக்க அவள் பொறுப்பு. அஞ்சாங்கிளாஸோடு நின்றவளின் பேத்தி! நியாயம் கேட்டு ஜனங்கள் தெருவில் இறங்கினபோதெல்லாம் எடுத்த படங்கள் அங்கே தகரப் பெட்டிகளில் அடுக்கியிருக்கின்றன. நம் சட்டைத் தொழிற்சாலை வேலைநிறுத்தமும் இருக்கிறதாம். கேமராவைத் தூக்கிக்கொண்டு மூன்று பேர் நம் பின்னாலேயே அலைந்தார்களே, அவர்கள் எடுத்தது. முப்பத்தெட்டுச் சுருள். எதில் எந்த நாள் என்று ஒருத்தரும் குறித்து வைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, மழையில், பக்கவாட்டுக் கதவு வழியாக ஒருத்தி உள்ளே வேலைக்குப் போனாள். முதுகில் நாற்பத்தேழு என்று ஆள் எண் தைத்த ஏப்ரன். ஏப்ரன் என்னுடையது. போட்டிருந்தவள் நான் இல்லை. முந்தின நாள் துவைத்துப் போராட்டக் கொட்டகைத் துணிக்கொடியில் போட்டேன், விடிந்து பார்த்தால் காணோம். அன்றைக்கும் இதையேதான் சொன்னேன். நீ நம்பவில்லை, "எனக்கு இனிமே நீ செத்தவடி" என்றாய்.

வியாழக்கிழமைதோறும் போய்ப் பார்க்கப்போகிறேன். அவள் முகத்தைப் பார்க்காமல் விடமாட்டேன்.

நீ வைத்த பெயரிலேயே கையெழுத்துப் போடுகிறேன்,
பட்டன்


மார்ச் 17

அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தங்கை போன துக்கமே எனக்கு இன்னும் ஆறவில்லை. பழையதைக் கிளறத் தெம்பு இல்லை. நான் கண்ணால் பார்த்தது பார்த்ததுதான்.

உங்கள் பேத்திக்கு என் வாழ்த்து.

எண் இருபத்திரண்டு


ஏப்ரல் 10

அடியே நெட்டை,

'உங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நேரில் வந்து ரெண்டு அறை விட்டிருக்கலாம். ஆனாலும் கடிதத்தைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து இன்னமும் உன்னை மாதிரியே ஒட்டடைக்குச்சி.

அந்த அறை எப்படியிருக்கும் தெரியுமா? கறுப்புத் திரை, ஒரு நாற்காலி, சுவரில் பால் மாதிரி ஒரு வெளிச்சம். சத்தம் பதிந்த நாடா எங்கேயோ தொலைந்துபோய்விட்டதாம். அதனால் எல்லாரும் வாயை மட்டும் திறந்து திறந்து மூடுகிறோம், தண்ணீருக்குள் கத்துகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் நான் நாற்காலியில் இருக்கிறேனா, தொழிற்சாலை கேட்டுக்கு முன்னால் நிற்கிறேனா என்றே தெரிவதில்லை. வெளியே வந்து படியில் இறங்கினால் கால் தரையில் பாவுவதில்லை.

பெட்டி மாறி வேறு படமும் வந்துவிடுகிறது. குடிதண்ணீர் கேட்டுக் காலிக்குடத்தோடு ஒரு ஊரே நடக்கிறது. யாரோ, எவரோ. ஆனால் ஒரு கிழவி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்துத் தலையாட்டினேன். "யாருக்கு பாட்டி தலையாட்டுறே?" என்று பேத்தி கேட்டாள். "தெரிஞ்சவங்கதான்"னேன்.

ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு நோட்டு உண்டு. முகம் தெரிந்தவர்கள் வந்தால், எத்தனையாவது நிமிடம், யார் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். எழுதினால் எழுதினதுதான், நூறு வருஷத்துக்கு அப்படியே இருக்கும் என்கிறாள். நான் எழுபது பேரை எழுதிவிட்டேன். உன்னை ஒன்பது இடத்தில். ஒன்றில் நீ பெஞ்சு மேல் ஏறி நின்று பேசுகிறாய். கீழே வாண்டு, பதினெட்டு வயசு, வாயைப் பிளந்துகொண்டு உன்னையே பார்க்கிறாள். அந்த இடத்தை நாலு தடவை ஓட்டச் சொன்னேன்.

இன்னும் பதினோரு சுருள் இருக்கிறது.

பட்டன்


மே 22

நெட்டைக்கு,

கிடைத்துவிட்டது. முப்பத்தோராவது சுருள், பதினான்காம் நிமிடம்.

மழை. நாற்பத்தேழு கதவுக்கிட்டே போகிறாள். உள்ளே நுழைவதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாள். முகம் தெளிவாக இருக்கிறது.

அது நான்தான். நீ சொன்னதுதான் சரி. ஏப்ரன் காணாமல் போனது, கொடி, எல்லாம் நான் கட்டின கதை. கட்டிக் கட்டி நானே நம்பிவிட்டேன் போலிருக்கிறது. நோட்டிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேத்தி படித்துவிட்டு நோட்டை மூடிவைத்தாள். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொள்ளாமலே பஸ் ஏற்றிவிட்டாள்.

இனி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். நீ அதைப் பார்க்க அவ்வளவு தூரம் அலையவேண்டாம். கண்ணுக்குக் கெடுதல், அறையில் காற்றும் இல்லை.

வீட்டில் வாண்டு படம் மாட்டியிருப்பாய். என் சார்பில் ஒரு பூ வை. சின்னப் பெண், பாவம்.

பட்டன்


ஜூன் 12

அடி பைத்தியமே,

'அலையவேண்டாம்' என்று நீ எழுதினதாலேயே கிளம்பிவிட்டேன். நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

உன் பேத்திதான் உட்காரவைத்துப் படம் ஓட்டினாள். உன் மூக்கு அவளுக்கு, பொறுமை மட்டும் யாரிடமிருந்தோ. "பாட்டி எழுதினது உண்மையா?" என்று கேட்டாள். "ஓட்டுடி கண்ணு, பார்ப்போம்" என்றேன்.

படத்தில் நாற்பத்தேழு திரும்பினாள். இடது கையால் காதைத் தேய்த்துக்கொண்டாள், பயந்தால் அவள் செய்கிற மாதிரியே. எடுத்து வளர்த்தவளுக்கு என் வாண்டுவைத் தெரியாதா?

அந்த ஒன்பதாம் நாள் சாயங்காலம் என் கைக்குழந்தைக்குப் பால் வந்தது. மூன்று நாளாக வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான். "எங்கேர்ந்துடி?" என்று கேட்டேன். "குடிக்கிறப்போ கேள்வி கேக்காதேக்கா"ன்னா. நானும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லையா, கேட்க வேண்டாம் என்று தோன்றியதா, இப்போது சொல்லத் தெரியவில்லை. கடைசிவரை அவளும் வாயைத் திறக்கவில்லை. உன் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள். உன் மேல் கோபம் என்றே நினைத்தேன்.

நீ பொய் எழுதினதுதான் எழுதினாய், கொஞ்சம் பார்த்து எழுதியிருக்கக் கூடாதா? அதே காட்சியில் இடது ஓரம் பார்த்தாயா? தட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, என் குழந்தையை மார்போடு அணைத்து நிற்கிறது யார்? ஒரே நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் நிற்க நீ என்ன மாயக்காரியா? கதவையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தன்னைத் தெரியவில்லை. தினம் தினம் தூக்கினவள் நீ. அதனால்தான் அன்றைக்கும் தூக்கியிருந்தாய் என்று உனக்கும் ஞாபகமில்லை, எனக்கும் ஞாபகமில்லை.

உன் பேத்தியிடம் அந்த ஓரத்தைக் காட்டினேன். விளக்கைப் போட்டுவிட்டு அழுதாள். வீட்டுக்கு வந்தால் உன்னைத் திட்டுவாள், வாங்கிக்கொள்.

நோட்டை வாங்கி உன் வரியை அடித்துவிட்டேன். கீழே 'இவள் என் தங்கை. என் பிள்ளைக்குப் பால் வாங்கக் கூலிக்குப் போனாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நூறு வருஷம் இருக்கட்டும்.

இடது ஓரத்தில் நிற்கிறவளுக்கு மட்டும் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு வா. இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

நெட்டை